கல் விழுந்த இடம் ஒன்று, பிசகிய இடம் வேறு

டோக்கியோவில், கோ என்ற பலகை விளையாட்டை ஆட நான் போகும் மன்றத்தில், ஆட்டம் முடிந்த கையோடு கற்களை அள்ளிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் குறைவு. இடங்களை எண்ணி முடித்து, தலை தாழ்த்தி நன்றி சொன்னதும், பலகையை வெறுமையாக்கிவிட்டு முதல் கல்லிலிருந்து அதே ஆட்டத்தை இருவருமாக மறுபடி வைப்பார்கள். "இங்கே நீங்கள் என் கற்களை இணையவிடாமல் வெட்டியிருந்தால் நான் திணறியிருப்பேன்" என்று வென்றவர் சொல்வார். தோற்றவர் அந்த வெட்டை வைத்துப் பார்ப்பார். அதுவரை எதிரெதிராக மோதியவர்கள் இப்போது ஒரே கேள்விக்கு விடை தேடுகிறார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். ஆடுகிற நேரத்தைவிடவும் பிடிக்கும்.

பட்டங்களுக்கு மோதும் தொழில்முறை வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2016 மார்ச்சில் சியோலில், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான லீ செடோல், ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலுடன் ஐந்து ஆட்டங்கள் ஆடி நான்கில் தோற்றார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆஜா ஹுவாங், நிரல் சொல்கிற புள்ளியில் கல்லை வைப்பவர் மட்டுமே. ஆட்டம் முடிந்ததும் "ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டு விடை வாங்க எதிரில் ஆள் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற இரவு, லீ சக வீரர்களுடன் உட்கார்ந்து விடிய விடிய அந்த ஆட்டத்தை அலசினார். அந்த நிலையில் இருப்பவருக்கே அது தேவைப்பட்டது என்றால், நேற்று பலகை வாங்கியவருக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புதியவரின் ஆட்டத்தை அலசுவது தனிக் கலை. தொழில்முறை ஆட்டத்தில் பிழை எங்கே என்று தேட வேண்டும். புதியவரின் ஆட்டத்தில் பிழை இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். நூறு கற்களில் எண்பதைத் திருத்தலாம். எண்பதையும் திருத்தினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்; வந்தாலும் எண்பதில் ஒன்றும் நினைவில் நிற்காது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதுதான் அலசுகிறவரின் வேலை. புதியவர்கள் பலருடன் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: தவறான கல்லை விட்டுவிட்டு, அந்தக் கல்லுக்கு முன்னால் இருந்த எண்ணத்தைப் பிடிக்க வேண்டும். எண்ணம் ஒன்றுதான் இருக்கும். அதிலிருந்து பத்துப் பதினைந்து தவறான கற்கள் முளைத்திருக்கும்.

என் மனைவியின் தம்பி ஆடிய ஓர் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். வேலைக்காக ஜப்பான் வந்தவன், பள்ளி நாட்களில் நன்றாக செஸ் ஆடியவன், கோ கற்றுக்கொண்டு சில மாதங்கள் ஆகின்றன. இந்த விளையாட்டில் தேர்ச்சியை 30 கியூவில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே போவார்கள். 1 கியூவைத் தாண்டினால் டான். அவன் 20 கியூவை ஒட்டி நிற்கிறான். எதிரே ஆடியவர் மன்றத்துக்கு வழக்கமாக வரும், ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். பலகை 13 கோடுகள் கொண்ட சிறியது. அவன் கருப்பு, அவர் வெள்ளை. கருப்புக்கு மூன்று மூலைகளில் முன்கூட்டியே கற்கள் வைத்துத் தொடங்கினார்கள். கருப்பு 15 புள்ளியில் தோற்றது.

கோ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கற்களைக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் வைப்பார்கள். வைத்த கல் நகராது. ஒரு கல்லை ஒட்டிய வெற்றுப் புள்ளிகளை அதன் மூச்சு என்று சொல்லித்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன். எல்லா மூச்சும் அடைபட்டால் கல் பிடிபடும். ஒரே ஒரு மூச்சு மிஞ்சும்படி நெருக்குவதற்கு அத்தாரி என்று பெயர். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவர் வெற்றி. ஜப்பானிய முறைப்படி பிடிபட்ட கல்லும் ஒரு புள்ளி, அது நின்ற காலியிடமும் ஒரு புள்ளி. ஆக ஒரு கல்லை இழந்தால் இரண்டு புள்ளி.

ஆட்டம் முடிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அத்தான், ஏணியில்தான் போய்விட்டது." ஏணி என்பது எதிரி ஒரு கல்லை அத்தாரி வைத்து விரட்ட, அது தப்பி ஒரு புள்ளி நகர்ந்து நீள, மறுபடி அத்தாரி, மறுபடி நீட்சி என்று மூலைவிட்டமாகப் படிப்படியாகப் போகிற துரத்தல். போகிற வழியில் தன் கல் ஒன்று காத்திருந்தால் தப்பலாம். இல்லையென்றால் பலகையின் விளிம்பில் போய் முட்டி மொத்தமும் சாகும். ஏணியில் ஓடிய அவனுடைய ஆறு கற்கள் பிடிபட்டிருந்தன.

நான் உடனே பதில் சொல்லவில்லை. நினைவிலிருந்து ஆட்டத்தை வைக்கச் சொன்னேன். இது அலசலின் முதல் படி. இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். இணையத்தில் ஆடினால் பதிவு தானாகக் கிடைத்துவிடும், ஆனாலும் முதலில் நினைவிலிருந்து வைத்துப் பார்ப்பது நல்லது. காரணத்தோடு வைத்த கல் நினைவில் நிற்கும். காரணமில்லாமல் கை தானாக வைத்த கல் நினைவுக்கு வராது. ஆகவே எந்த இடத்தில் நினைவு தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். அவன் முதல் முப்பது கற்களைத் தடையில்லாமல் வைத்தான். பிறகு வலது பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டான். அங்கே வெள்ளை வைத்தது நினைவிருந்தது. தான் என்ன பதில் வைத்தோம் என்பது நினைவில்லை. அம்மையார்தான் எடுத்துக்கொடுத்தார்.

அடுத்தது கேள்வி. "இந்தக் கல்லை வைக்கும்போது என்ன நினைத்தாய்?" இதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் ஆடியவர் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார். மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்க வேண்டும். ஏணி தொடங்கிய இடத்தில் அவனைக் கேட்டேன். "கல்லைக் காப்பாற்ற நினைத்தேன்." இன்னும் பின்னால் போய், அந்தக் கல் ஏன் தனித்து நின்றது என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஏழெட்டுக் கற்கள் பின்னோக்கி எடுத்தான்.

அங்கே ஒரு குறுக்கு வெட்டு இருந்தது. இரண்டு கருப்பும் இரண்டு வெள்ளையும் மூலைவிட்டமாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும் நிலை. நான்கு கற்களுக்கும் தலா இரண்டு மூச்சு. புதியவர்களுக்கு இது தாங்க முடியாத ஆசையைக் கிளப்பும் இடம், ஏனென்றால் எந்தப் பக்கம் கல் வைத்தாலும் அத்தாரி ஆகும். அவனும் அத்தாரி வைத்தான். வெள்ளை ஒரு புள்ளி நீண்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: இரண்டு மூச்சோடு நின்ற வெள்ளைக்கு இப்போது இரண்டு கல், மூன்று மூச்சு. கருப்பின் மூன்று கற்களில் எந்த இரண்டும் கெட்டியாக இணையவில்லை. ஒரு கல் முற்றிலும் தனியாக, இரண்டே மூச்சோடு நிற்கிறது. வெள்ளை அதை அடுத்த கல்லில் அத்தாரி வைத்தது. ஏணி அங்கேதான் பிறந்தது.

"அத்தாரி வைக்கும்போது என்ன நினைத்தாய்?"

"பிடித்துவிடலாம் என்று. பிடிக்க முடியாவிட்டாலும் அவர் பதில் வைத்தாக வேண்டும், அதனால் நஷ்டமில்லை என்று."

இந்தப் பதிலுக்காகத்தான் அவ்வளவு தூரம் பின்னோக்கி வந்தோம். செஸ்ஸில் ராஜாவுக்கு 'செக்' வைத்தால் எதிரி பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் அத்தாரியையும் அப்படியே பார்க்கிறார்கள். இங்கே பதிலாக வைக்கப்படும் கல் நகர்ந்து போவதில்லை; பலகையில் நிலைத்து நின்று எதிரியைக் கெட்டியாக்குகிறது. பிடிபடாத கல்லுக்கு அத்தாரி வைப்பது எதிரிக்கு மூச்சு ஊட்டுவது. குறுக்கு வெட்டு வந்தால் தன் கல் ஒன்றை நீட்டு என்று கோ ஆடுகிறவர்களிடையே ஒரு பழமொழியே உண்டு. எல்லா நிலையிலும் அது சரியாக வராது, ஆனால் 20 கியூவில் இருப்பவருக்குப் பத்தில் எட்டு முறை கைகொடுக்கும். பலகையில் அத்தாரிக் கல்லை எடுத்துவிட்டு அந்தத் தனிக்கல்லை நீட்டி வைத்துக் காட்டினேன். ஏணிக்கே இடமில்லாமல் போயிற்று. அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஏணியில் ஓடியதைப் பற்றி ஒரே ஒரு சொல் சொன்னேன்: ஓடும் முன் கண்ணால் எதிர் விளிம்புவரை போய்ப் பார். வழியில் உன் கல் இல்லையென்றால், விரட்டப்படும் அந்த ஒரு கல்லை அங்கேயே விட்டுவிடு. ஒரு கல் போனால் இரண்டு புள்ளி. ஆறு கல் போனால் பன்னிரண்டு.

இங்கே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஏணியில் ஓடாமலே இருந்திருந்தாலும் மிஞ்சியிருப்பது அதிகம் போனால் 10 புள்ளி. தோற்றதோ 15 புள்ளியில். ஏணியால்தான் தோற்றோம் என்ற அவன் எண்ணம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. புதியவர்களுக்கு எங்கே வலித்ததோ அதுதான் காரணமாகத் தெரியும். கற்கள் கூட்டமாகப் பிடிபட்டு எடுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் வலி. இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடந்திருந்தது.

கீழ்விளிம்பில் அவனுக்கு ஒன்பது கற்கள் கொண்ட ஒரு கூட்டம். சுற்றிலும் வெள்ளை. உள்ளே, விளிம்புக் கோட்டில், வரிசையாக மூன்று வெற்றுப் புள்ளிகள். கோ ஆட்டத்தில் முழுக்கச் சூழப்பட்ட கூட்டம் உயிரோடு இருக்க இரண்டு தனித்தனிக் கண்கள் வேண்டும், அதாவது எதிரி ஒரே நேரத்தில் அடைக்க முடியாத இரண்டு உள் வெற்றிடங்கள். மூன்று புள்ளி வரிசையில் நடுப்புள்ளியில் கருப்பு வைத்தால் இருபுறமும் இரண்டு கண், கூட்டம் பிழைக்கும். வெள்ளை வைத்தால் கூட்டம் செத்தது. அவன் முறை வந்தபோது பலகை அப்படி இருந்தது. வலது பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் அத்தாரியில் நின்றன. அவன் அந்த இரண்டையும் பிடித்தான். அவர் நடுப்புள்ளியில் வைத்தார்.

அவன் நினைவு தடுமாறியது இதற்குச் சற்று முன்னால், அதே வலது பக்கத்தில்தான்.

இந்த இடத்தில் நான் விடையைச் சொல்லவில்லை. இருக்கை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். நிலையை அப்படியே வைத்து, அவனை வெள்ளைப் பக்கம் உட்காரவைத்து, "இப்போது நீ வெள்ளை, உன் முறை. எங்கே வைப்பாய்?" என்று கேட்டேன். முதலில் வலது பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை கீழே இறங்கிற்று. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கல்லை எடுத்து நடுப்புள்ளியில் வைத்துவிட்டு, "இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே" என்றான். தெரிந்திருந்தது. மூன்று புள்ளி வரிசைப் புதிர்களை அவன் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறான். புதிரில் "கருப்பு ஆடிப் பிழைக்க வேண்டும்" என்று யாரோ எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் எழுதிக் கொடுக்க ஆளில்லை. எதிரியின் இருக்கையில் உட்கார்ந்ததும் கேள்வி தானாகத் தெரிந்துவிடுகிறது. அலசலில் நான் நம்பும் உபாயங்களில் இதற்கு இணை வேறில்லை. தனியாக அலசுகிறவர் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இருவருமாக எண்ணினோம். கூட்டம் பிழைத்தால் கருப்புக்கு இரண்டு புள்ளி. செத்தால் வெள்ளைக்கு ஒன்பது கைதிகள், அவை நின்ற ஒன்பது இடங்கள், மிஞ்சிய இரண்டு வெற்றுப் புள்ளிகள், ஆக 20. இரண்டுக்கும் வித்தியாசம் 22. அவன் பிடித்த இரண்டு கற்களின் மதிப்பு 4. அவற்றைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சுற்றியிருந்த கருப்புக்கு ஆபத்து எதுவும் இல்லை. 22ஐ விட்டு 4ஐ எடுத்த இடத்தில் 18 புள்ளி போயிற்று. மற்ற எல்லாப் பிழைகளும் அப்படியே இருந்து இந்த ஒரு கல் மட்டும் மாறியிருந்தால் 3 புள்ளியில் வென்றிருப்பான்.

"அந்த இரண்டைப் பிடிக்கும்போது என்ன நினைத்தாய்?"

"பிடிபடுகிறதே, விடுவானேன் என்று."

குறுக்கு வெட்டில் அத்தாரி வைத்ததும், ஏணியில் ஓடியதும், இங்கே இரண்டு கல்லைப் பிடித்ததும் ஒரே எண்ணத்தின் மூன்று முகங்கள். கல்லைப் பிடிப்பதும் பிடிபடாமல் காப்பதும்தான் ஆட்டம் என்று அவன் கை நம்புகிறது. இடத்தை வளைப்பதுதான் ஆட்டம் என்று அவன் அறிவுக்குத் தெரியும். செஸ்ஸிலிருந்து வருகிறவர்களிடம் இதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். ஒரு காயை இழப்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம். அதனால் அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த பாடம் ஒரே வரி: கல்லை வைக்கும் முன், என் கூட்டங்களில் எதற்காவது இன்னும் இரண்டு கண் உறுதியாகவில்லையா என்று ஒரு முறை பலகை முழுவதும் பார்.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. மூன்று கற்களை வெட்டவெளியில் நேராக வைத்தால் 8 மூச்சு, மடக்கி முக்கோணமாக வைத்தால் 7 தான். அவன் அந்த ஆட்டத்தில் நாலைந்து இடத்தில் மடக்கி வைத்திருந்தான். தொடக்கத்திலேயே விளிம்பிலிருந்து இரண்டாம் கோட்டில் ஊர்ந்தான். கடைசியில் தன் இடத்துக்குள் தேவையில்லாமல் கல் வைத்துப் புள்ளிகளைக் கரைத்தான். எல்லாம் உண்மை. எதையும் அன்று எடுக்கவில்லை. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று இடம், அவையும் ஒரே வேரில் கிளைத்தவையாக இருந்தால் நல்லது. மற்றவை அடுத்தடுத்த ஆட்டங்களில் தாமாகவே மறுபடி வரும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று, நன்றாக ஆடிய இடம். மேல் இடது மூலையில் வெள்ளை உள்ளே நுழைந்தபோது அவன் அவசரப்படாமல் வெளியே சுவர் கட்டினான். அதை நான் பாராட்டுவதற்கு முன்பே எதிராளி அம்மையார் அந்த இடத்தைத் தொட்டுக்காட்டி, "இங்கே எனக்குப் பயமாக இருந்தது" என்றார். எதிரி எதற்குப் பயந்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல். ஆடியவர் பக்கத்தில் இருந்தால் அவரைப் பேசவிட வேண்டும், அலசுகிறவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும்.

கணினியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டேவிட் வூ உருவாக்கிய கட்டாகோ போன்ற நிரல்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. வெற்றி வாய்ப்பை மட்டுமல்லாமல் ஒவ்வொரு கல்லிலும் எத்தனை புள்ளி போயிற்று என்பதையும் அவை காட்டும். நல்ல கருவிதான், ஆனால் அதை முதலில் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நினைவிலிருந்து வைத்து, காரணங்களைப் பேசி முடித்த பிறகு திறக்கலாம். திறந்ததும் மிகப் பெரிய மூன்று சரிவுகளை மட்டும் பார்த்துவிட்டு, ஐந்து புள்ளிக்குக் குறைந்தவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்க வேண்டாம். 20 கியூவில் அவற்றுக்கு அர்த்தமில்லை. நிரல் வேறோர் இடத்தைக் காட்டினால், "நான் இப்படிப் பதில் வைத்தால்?" என்று தன் கல்லை வைத்து அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கல்லில் 18 புள்ளி போயிற்று என்று அது சொல்லும். "பிடிபடுகிறதே, விடுவானேன்" என்ற எண்ணத்தை அது சொல்லாது. அதை ஆடியவர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும்.

முதல் ஐம்பது ஆட்டங்களைச் சீக்கிரமாகத் தோற்றுவிடு என்று கோ உலகில் புதியவர்களுக்குச் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். அதோடு நான் சேர்ப்பது, ஒவ்வொரு தோல்விக்கும் பத்து நிமிடம் கொடு என்பது. துணைக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் ஒரு குறிப்பேடு போதும்: எந்தக் கல், அப்போது நினைத்தது என்ன, இப்போது நினைப்பது என்ன. வென்ற ஆட்டங்களையும் இப்படிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிரி கவனிக்காமல் விட்ட பிழைகள் அவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

மைத்துனன் இப்போது கூட்டங்களைக் கவனிக்கிறான். ஏணியில் ஓடுவது அடியோடு நின்றுவிட்டது. பதிலாக வேறொன்று முளைத்திருக்கிறது: அத்தாரியில் மாட்டிய எந்தக் கல்லையும் யோசிக்காமல் விட்டுவிடுகிறான். போன ஆட்டத்தில் அப்படி விட்ட ஒற்றைக்கல், வெள்ளையின் இரண்டு நலிந்த கூட்டங்களைச் சேரவிடாமல் பிரித்து நின்ற கல். அது போனதும் இரண்டும் கைகோத்துப் பிழைத்துக்கொண்டன. ஒரு கல்லின் மதிப்பு அது எதை வெட்டி நிற்கிறது என்பதில் இருக்கிறது. அவன் அடுத்துக் கற்க வேண்டியது இதுதான். ஆட்டப் பதிவை அனுப்பியிருக்கிறான். இந்த முறை தானே மூன்று இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்போது நினைத்ததை எழுதியிருக்கிறான். இரண்டு இடங்கள் சரி. அந்த ஒற்றைக்கல்லை மட்டும் அவன் குறிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை வெள்ளைப் பக்கம் உட்காரவைத்துத்தான் அதைக் காட்ட வேண்டும்.